ஐந்தரைக்குக் கூட்டம்

ஒக்டோபர் கடைசிச் சனி.
கல்லடிப் பாலத்துக்கு இப்பால்
கூட்டுறவுச் சங்க மேல்மாடி.
கதிரை இருபத்திரண்டு,
வந்தோர் ஒன்பது பேர்.
ஐந்தரைக்கென்றுதான் அறிவித்திருந்தேன்.
ஆறுக்கு இரண்டு நிமிடம் இருக்க
பின்வளவு ஈரப்பலா மரத்தடியில்
இரட்டைச் சீழ்க்கை.
ஆறுமணிக்குருவி.
எங்களுக்கு முன்னரே
கூட்டத்தைத் தொடங்கிவிட்டது.
பல்தசார் தன் கைக்கடிகாரத்தைத் திருகி
இரண்டு நிமிடம் முன்னுக்கு வைத்தார்.

நவம்பர்.
கொழும்பிலிருந்து ஒரு கலாநிதி, தலைப்பு: வலசைப் பாதைகள்.
புனானைத் தண்டவாளத்தில் வெள்ளம்,
ரயில் வெலிக்கந்தையோடு நின்றது.
"சைபீரியாவில இரிந்து வாறதெல்லாம் வந்திட்டு,
கொழும்பான்தான் வரல்ல" என்றாள் நிறோஷினி,
தபாற் கந்தோரில் முத்திரை குத்துகிறவள்.
விரிவுரை நேரம் முழுக்க யன்னலோரம் நின்று
முகத்துவாரம் நோக்கி இழுபட்ட ஆற்றுவாழைத் திட்டுகளில்
ஏறி வந்த கொக்குகளை எண்ணினோம்.
எனக்கு நாற்பத்தொன்று.
றிபாயா ரீச்சருக்கு முப்பத்தெட்டு.
மூன்று கொக்குக்கு ஒரு மணிநேரம்.
'ஏறக்குறைய நாற்பது' என்று யாரோ எழுதியதில்
இருவருமே கையொப்பமிட மறுத்தோம்.

டிசம்பரில் கூட்டம் இல்லை.
மண்டபத்தில் ஏழு குடும்பங்கள், பாய்களோடு.
தேநீர்க் கணக்கில் கிடந்ததைப் பால்மாவாக்கினோம்.

ஜனவரிப் பேச்சாளர் ஏறாவூர் ஆதம்லெவ்வை.
படம் இல்லை, குறிப்புத் தாளும் இல்லை.
சாரத்து மடிப்பிலிருந்து ஒரு வளையத்தை எடுத்து
மேசையில் வைத்தார்.
ஈயநிறம். எங்களில் எவருக்கும் தெரியாத எழுத்து.
இலக்கம் மட்டும் இலக்கம்.
"ஆலா ஒண்டுட கால்ல கிடந்த.
தொண்ணூத்தொண்டு, மாசி மாசம். வலையில பட்ட."
இத்தனை காலம் ஏன், என்று தொடங்கினார் பல்தசார்.
"ஆமி கண்டா என்னெண்டு சொல்ற?
இயக்கம் கண்டா என்னெண்டு சொல்ற?
கோழிக்கூட்டுக்குக் கீழ தாட்டு வெச்சன்."
நன்றியுரை பொருளாளர் வேலை.
அவரோ வளையத்தைச் சுண்டுவிரல் நுனியில் மாட்டிப்
பார்த்துக்கொண்டே இருந்தார்.

பெப்ரவரியில் கலாநிதி வந்தே விட்டார்.
நல்ல பேச்சு. அம்புக்குறிகள் பாயும் உலகப்படம்.
ஓர் அம்பு மட்டக்களப்பைத் தாண்டிக் கடலில் முடிந்தது.
நிறோஷினி எழுந்து போய்
திரையை விரலால் தொட்டு, "இங்க" என்றாள்.
அவள் நகத்தில் கொஞ்சம் ரஷ்யா விழுந்தது.
போகும்போது அவர் வளையத்தின் இலக்கத்தை எழுதிக்கொண்டார்.

மார்ச்சில் பதில்.
வோல்கா ஆறு கடலைத் தொடுமிடம்;
பறக்கத் தெரியுமுன், கூட்டில் வைத்துப் போட்ட வளையம்.
வாழ்த்துகள். கூடவே ஒரு படிவம்:
கண்ட இடம். கண்ட திகதி.
கண்டபோது உயிருடன் இருந்ததா?
இல்லையெனில், இறந்தது எப்படி?
உரிய கட்டத்தில் அடையாளமிடுக.

ஆதம்லெவ்வை வீட்டுப் படலையடியில் நின்று
வாசித்துக் காட்டினேன்.
"உசிரோடதான் இரிந்திச்சு."
கொஞ்சநேரம் தெருவைப் பார்த்தார்.
"றோட்டுப் பூட்டு. மூணு நாளா அரிசி இல்ல.
மூணு புள்ளையள்.
ஒரு ஆலாவில என்னத்தக் கிடக்கு, சூப்புத்தான்."
உள்ளே யாரோ தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தார்கள்.
"அந்த ஊரானுக்கு அதையும் எழுதுங்க புள்ள.
உப்பு இரிந்திச்சு எண்டும் எழுதுங்க."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதினேன்,
சின்ன எழுத்தில், தமிழில்.

ஏப்ரல், பருவ இறுதிக் கூட்டம்.
பட்டியலில் நூற்றுப் பதினேழு இனம்.
கொக்குத் தகராறு அடுத்த பருவத்துக்கு ஒத்திவைப்பு.
கையிருப்பு ஆயிரத்து முந்நூற்று நாற்பது ரூபாய்.
வந்தோர் பதினொருவர்;
சந்தா கட்டிய ஆதம்லெவ்வை பின்வரிசையில்.
தலைவர் தெரிவு இழுபட்டுக்கொண்டிருக்க
றிபாயா ரீச்சர் திடீரென்று நிமிர்ந்தார்.
"மணி என்ன?"
ஆறு இருபது.
ஈரப்பலா மரத்தடியில்
சருகு புரட்டும் புலுனிகள் மட்டும்.
பல்தசார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.
திருகவில்லை.